'வாலப்': அடுப்பிலும் கொதிக்கிறது, முதுகிலும் விழுகிறது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

கடலோரக்குருவி:

எல்லோருக்கும் வணக்கம். சிறுவர் கதை ஒன்றை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவந்துகொண்டிருக்கிறேன். இரண்டு நாளாக ஒரே சொல்லில் நிற்கிறேன்.

கதையில் ஒரு பாட்டி வருகிறாள். கோழி திருட வந்த நரிக்குத் துடைப்பத்தால் ஒரு 'வாலப்' கொடுக்கிறாள். அது மட்டும் என்றால் 'ஓர் அடி அடித்தாள்' என்று எழுதிவிட்டு நகர்ந்திருப்பேன். ஆனால் நாலு வரிக்கு முன்னால் அடுப்பில் இருக்கும் சூப்புப் பானையும் 'வாலப்' செய்கிறது. அங்கே அதற்குக் கொதிப்பது என்று பொருள். கதை எழுதியவர் தெரிந்தேதான் இரண்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

என் அக்கா மகனுக்கு முதல் வரைவை வாசித்துக் காட்டினேன். 'அடித்தாள்' என்ற இடத்தில் அவன் முகத்தில் ஒன்றுமே இல்லை. ஆங்கிலத்தில் அந்த இடத்தில்தான் குழந்தைகள் சிரிப்பார்கள்.

இரண்டும் ஒரே சொல்தானா? முதலில் வந்தது கொதிப்பா, அடியா? இரண்டு இடத்திலும் உட்காரும் தமிழ்ச் சொல் ஏதாவது உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நான்காவதுஸ்லிப்:

கொதிப்பது எனக்குத் தெரியாது. அடிப்பது தெரியும். கிரிக்கெட் வர்ணனையில் அடிக்கடி காதில் விழும் சொல் இது. மட்டையை முழு வீச்சில் சுழற்றி மிட்விக்கெட்டுக்கு மேல் தூக்கி அடித்தால் 'வாலப்'. அழகான கவர் டிரைவை யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். நளினம் குறைவு, தோள்பலம் அதிகம், பந்து போன இடம் தெரியக்கூடாது, அதுதான் கணக்கு. தமிழ் வர்ணனையில் 'விளாசினார்' என்பார்களே, ஏறக்குறைய அதுதான். பாட்டி நரியை விளாசட்டும்.

பழையதாள்:

குருவி, நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள். முப்பது வருடம் ஆங்கிலம் கற்றுக்கொடுத்தவன் நான். இந்தச் சொல்லின் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

'வாலப்' ஆங்கிலத்துக்குள் வந்தபோது அடியும் இல்லை, கொதிப்பும் இல்லை. அது குதிரையின் பாய்ச்சல். 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்தப் பொருளில்தான் கிடைக்கிறது. குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடுவதை இன்று 'கேலப்' என்கிறோம் இல்லையா? இரண்டும் உடன்பிறப்புகள். வடக்குப் பிரான்சுப் பேச்சில் சொல்லின் முதலில் 'வ' ஒலி நின்றது. பாரிஸ் பக்கத்துப் பேச்சில் அதே இடத்தில் 'க' வந்தது. இங்கிலாந்தைப் பிடித்த நார்மானியர்கள் வடக்கத்திப் பேச்சோடு வந்தவர்கள். பின்னால் பாரிஸ் பிரெஞ்சுக்கு மவுசு கூடியது. அதனால் பல சொற்கள் இரண்டு முறை இரண்டு உடையில் ஆங்கிலத்துக்குள் நுழைந்துவிட்டன. 'வார்டன்', 'கார்டியன்' இரண்டும் ஒரே சொல். 'வாரண்டி', 'கேரண்டி' இரண்டும் அப்படித்தான். ஃபிரிட்ஜ் வாங்கும்போது கடைக்காரர் இந்த இரண்டையும் வெவ்வேறு பொருளில் சொல்வார், வேர் ஒன்றே. ஆங்கிலேயரின் வில்லியம் பிரான்சில் கியோம் ஆவதும் இந்த வழக்கத்தால்தான்.

தமிழிலும் இது நடந்திருக்கிறது. ஒரே வடசொல் நம்மிடம் 'இலக்கம்' என்றும் 'லட்சம்' என்றும் இரண்டு வடிவில் இருக்கிறது.

அந்தப் பிரெஞ்சுச் சொல்லுக்கும் பின்னால் பிராங்கியம் என்ற பழைய ஜெர்மானிய மொழி இருந்திருக்கலாம், 'நன்றாக ஓடு' என்ற பொருளில், என்பது பெரும்பாலான அகராதிகளின் கருத்து.

'கேலப்' வந்ததும் குதிரையை அது எடுத்துக்கொண்டது. 'வாலப்' வேலையில்லாமல் நின்றது. வேறு வேலை தேடிப் போனது என்றுதான் சொல்லவேண்டும். 16ஆம் நூற்றாண்டில் பானைக்குப் போகிறது. தண்ணீர் தளதளவென்று குமிழிட்டுப் புரண்டு கொதிப்பதைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அப்புறம் தடதடவென்று, தடுமாறிக்கொண்டு, உடம்பு குலுங்க நகர்வது. ஸ்காட்லாந்துப் பேச்சில் இந்தப் பொருள் நன்றாக வேர் பிடித்தது. அடி என்ற பொருள் எழுத்தில் வருவதோ 1820-களில். அதாவது உங்கள் பானை பாட்டியின் துடைப்பத்தைவிட இருநூற்றைம்பது வருடம் மூத்தது.

கடலோரக்குருவி:

ஐயா, ரொம்ப நன்றி. குதிரை என்று நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கொதிப்பிலிருந்து அடிக்கு எப்படிப் போனது? கொதிக்கும் பானை யாரையும் அடிப்பதில்லையே.

சோடாக்கடைப்பேரன்:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இதே சொல்லில் நம் ஊர் சம்பந்தப்பட்ட ஒரு கதை இருக்கிறது. யாரும் சொல்லாமல் விட்டால் மனசு கேட்காது.

என் தாத்தா கோலி சோடா போட்டவர். வீட்டுக்குப் பின்னால் ஒரு கொட்டகை, அதில் கையால் சுற்றும் இயந்திரம். பாட்டில்களை அதில் மாட்டி, கேஸ் ஏற்றி, தலைகீழாகச் சுற்றுவார். சுற்றும்போது கோலி கழுத்துக்கு இறங்கி, வாயில் இருக்கும் ரப்பர் வளையத்தில் போய் ஒட்டும். உள்ளே இருக்கும் கேஸ் அழுத்தம் அதை அங்கேயே பிடித்துக்கொள்ளும். மூடியே கிடையாது, அந்தக் கண்ணாடிக் கோலிதான் மூடி. கட்டைவிரலால் ஒரு குத்து விட்டால் 'ப்ப்ச்' என்று சத்தத்தோடு திறக்கும். அந்தச் சத்தத்தில்தான் நான் வளர்ந்தேன்.

அந்த பாட்டிலைக் கண்டுபிடித்தவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். 1870-களின் தொடக்கத்தில் காப்புரிமை வாங்கினார். இங்கிலாந்தில் பீருக்குச் செல்லப்பெயர் 'வாலப்', ஏனென்றால் குடித்தால் அடிக்கும். காட் பாட்டிலில் வந்த சோடாவைப் பீர் குடிப்பவர்கள் மட்டமாகப் பார்த்து 'காட்ஸ் வாலப்', அதாவது 'காட் விற்கிற சரக்கு' என்றார்கள். அதுதான் இன்று 'காட்ஸ்வாலப்' என்று ஆங்கிலத்தில் உளறலுக்குப் பெயர். என் தாத்தாவின் பாட்டில் ஓர் ஆங்கிலச் சொல்லையே பெற்றிருக்கிறது. இதைப் படித்த அன்று அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

லண்டன்மழை:

எனக்கும் அந்தக் கதை நல்ல விருப்பம் பேரன் தம்பி. இங்கே ஒரு மதுக்கடைச் சுவரில் சட்டம் போட்டுத் தொங்க விட்டிருந்தார்கள்.

நான் யாழ்ப்பாணம். வேலை நிமித்தம் சில வருடம் ஹாம்ப்ஷயரில் ஆண்டோவர் பக்கம் இருந்தேன். அங்கே 'வாலப்' என்று ஊர்களே இருக்கின்றன. மேல் வாலப், நடு வாலப், கீழ் வாலப் என்று மூன்று. பெயர்ப்பலகையைப் பார்த்து நான் சிரித்ததைக் கண்டு உடன் வேலை செய்தவர் சொன்ன கதை வேறு. எட்டாம் ஹென்றி காலத்தில் சர் ஜான் வாலப் என்றொரு கடற்படைத் தளபதி இருந்தார். 1514-ல் பிரெஞ்சுக்காரர் பிரைட்டனை எரித்தார்கள். பதிலுக்கு இவர் நார்மண்டிக் கரையில் இறங்கி ஊர் ஊராக எரித்தார். அந்த அடியைப் பார்த்துத்தான் பலத்த அடிக்கு அவர் பெயர் வந்தது என்றார்.

ஆக இப்போது குதிரை, பானை, பாட்டில், தளபதி என்று நாலு இருக்கிறது. எதை எடுப்பது ஐயா?

பழையதாள்:

தேதியை எடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான்.

தளபதி எரித்தது 1514-ல். அடி என்ற பொருள் எழுத்தில் வருவது 1820-களில். அவரால்தான் அந்தச் சொல் வந்தது என்றால் நடுவில் முந்நூறு வருடம் ஒருவர்கூட அதை எழுதாமல் இருந்திருக்க வேண்டும். அதுவும் ஆங்கிலத்தில் அச்சு பெருகி, நாடகமும் பத்திரிகையும் தெருச்சண்டையைப் பக்கம் பக்கமாக எழுதிய முந்நூறு வருடம். நம்ப முடியவில்லை.

பேரன், உங்களுக்குச் சொல்லத்தான் கஷ்டமாக இருக்கிறது. காட் இறந்தது 1887-ல். 'காட்ஸ்வாலப்' என்ற சொல் எழுத்தில் முதலில் கிடைப்பது 1959-ல், பிரிட்டிஷ் தொலைக்காட்சி நகைச்சுவைத் தொடர் ஒன்றின் வசனத்தில். எழுபது வருடத்துக்கு மேல் இடைவெளி. இன்னொன்று, அந்தச் சொல்லின் பழைய எழுத்துகளில் அவர் பெயரில் இருக்கும் இரட்டை 'ட்' இல்லை. 'காட்' என்று ஒரு மீன் உண்டு, அதன் ஆங்கிலப் பெயர் போல ஒற்றை 'ட்' தான் இருக்கிறது. பீருக்கு 'வாலப்' என்பதும் 1930-களில்தான் தெரியவருகிறது. காட் தொழில் நடத்திய காலத்தில் அந்தச் செல்லப்பெயர் இருந்ததற்குச் சான்று இல்லை.

சோடாக்கடைப்பேரன்:

எழுதி வைக்காமல் பேச்சில் மட்டும் இருந்திருக்கலாமே ஐயா? என் தாத்தா பேசிய எத்தனையோ சொல் எந்த அகராதியிலும் இல்லை. சோடாப் பட்டறையில் பேசினதை யார் எழுதினார்கள்?

பழையதாள்:

நியாயமான கேள்வி. பட்டறைப் பேச்சு எழுத்துக்கு வரத் தாமதமாகும், உண்மை. பத்து வருடம், இருபது வருடம் என்றால் நானே உங்கள் பக்கம் நிற்பேன். ஆனால் இந்தக் கதைக்கு ஒரு மனிதர், ஒரு பொருள், ஒரு வருடம் எல்லாம் பொருத்தமாக அமைந்திருக்கின்றன. ஒரு சொல்லைப் பிரபலமான ஒருவரின் பெயரோடு கட்டும் கதை வந்தாலே நான் பையைத் திறந்து பார்ப்பேன். பெரும்பாலும் சொல் முதலில் இருக்கும், கதை பின்னால் கட்டப்பட்டிருக்கும்.

பாட்டிலின் பெருமை அதனால் குறையவில்லை. கழுத்தில் அந்த இடுக்கு இருக்கிறதே, ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைக்காமல் நிற்பதற்கு, அது அருமையான யோசனை. 1892-ல் அமெரிக்காவில் தகர மூடிக்குக் காப்புரிமை வந்த பிறகு மேற்கே இந்த பாட்டில் மெல்ல மறைந்தது. இந்தியாவிலும் ஜப்பானிலும் இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜப்பானில் அதில் வரும் பானத்துக்கு 'ராமுனே' என்று பெயர், 'லெமனேட்' அவர்கள் நாவில் அப்படி ஆகியிருக்கிறது. உங்கள் தாத்தா சுற்றிய இயந்திரத்துக்கு இந்தச் சொல் இல்லாமலே சொல்ல வரலாறு நிறைய இருக்கிறது.

சோடாக்கடைப்பேரன்:

1959 என்று பார்த்ததும் எனக்கே தெரிந்துவிட்டது ஐயா. வருத்தம்தான். அப்பாவிடம் இன்று சொல்லிவிடுகிறேன். ராமுனே பற்றியும் சேர்த்துச் சொல்வேன்.

லண்டன்மழை:

ஊர்ப்பெயரைப் பற்றி ஒன்று. அந்த வாலப்புக்கும் அடிக்கும் தொடர்பில்லை என்று அங்கே ஒரு தேவாலயப் பெரியவர் எனக்கு விளக்கினார். 1086-ல் இங்கிலாந்தில் எடுத்த டூம்ஸ்டே என்ற நிலக்கணக்கிலேயே அந்த ஊர்ப்பெயர் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் ஊற்று, நீரோடை என்பதற்கான சொல்லும் பள்ளத்தாக்கு என்பதற்கான சொல்லும் சேர்ந்தது. ஊருக்குள் இப்போதும் ஓடை ஓடுகிறது, தெளிந்த தண்ணீர். சர் ஜானின் குடும்பப் பெயரும் இப்படி ஊரிலிருந்து வந்தது. ஊர் மனிதருக்குப் பெயர் கொடுத்தது, மனிதர் அடிக்குக் கொடுக்கவில்லை. சரிதானே ஐயா?

பழையதாள்:

சரி. நீங்கள் ஊற்றைச் சொன்னதும் எனக்கு இன்னொன்று சொல்லியே ஆக வேண்டும். ஊற்று என்ற அந்தப் பழைய சொல்லும், 'கொதி' என்று பொருள்படும் பழைய ஆங்கில வினைச்சொல் ஒன்றும் ஒரே வேரிலிருந்து வந்தவை. குமிழிட்டு மேலே வருவதுதான் இரண்டுக்கும் பொது. நாமும் ஊற்று கொப்புளிக்கிறது என்கிறோம்.

அந்தப் பழைய வினையிலிருந்து ஆங்கிலேயருக்கு ஒரு தேர்தல் சொல் கிடைத்தது. 1832-க்கு முன்னால் இங்கிலாந்தில் ஓட்டுரிமை ஊருக்கு ஒரு விதம். டாண்டன், ஹானிட்டன் மாதிரி சில தொகுதிகளில் விதி இது: ஒருவர் தன் சொந்த அடுப்பில் தன் பானையைக் கொதிக்கவைத்துச் சாப்பிடுகிறார் என்றால் அவருக்கு ஓட்டு உண்டு. எஜமானின் மேசையில் சாப்பிடுகிறவன் எஜமான் சொல்கிறபடி கை தூக்குவான் என்பது அதன் பின்னால் இருந்த எண்ணம். அப்படிப்பட்ட வாக்காளருக்கு 'பானை கொதிக்கவைப்பவர்' என்று பெயர், முதலில் 'பாட்வாலர்'. 18ஆம் நூற்றாண்டில் அந்தப் பழைய 'வால்' மக்களுக்குப் புரியாமல் போனது. கொதி என்ற பொருளில் 'வாலப்' பழக்கத்தில் இருந்ததால், 'பாட்வாலப்பர்' என்று மாற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். 1832 சீர்திருத்தச் சட்டத்தோடு அந்த முறை முடிவுக்கு வந்தது.

குருவி, உங்கள் கதையின் பாட்டி அந்தக் காலத்தில் ஆணாக இருந்திருந்தால் அந்தச் சூப்புப் பானைக்காகவே ஓட்டுப் போட்டிருப்பாள்.

கொதிப்பிலிருந்து அடிக்கு எப்படி வந்தது என்று கேட்டீர்கள். குலுங்கி, புரண்டு, தடதடவென்று நகர்வது என்ற பொருள் நடுவில் பாலமாக இருந்திருக்கலாம். இன்னொரு சாரார், அடி என்ற 'வாலப்' தனியாக ஒலிக்குறிப்பாகப் பிறந்தது என்கிறார்கள். அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். முதலில் வாய் திறந்து வீச்சு மாதிரிப் போகிறது, கடைசியில் 'ப்' என்று உதடு மூடுகிறது. கை ஓங்கி வந்து விழுகிற மாதிரியே இருக்கிறது. எனக்கு இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கும் என்று படுகிறது. பழைய சொல் கையில் தயாராக இருந்தது, அதன் ஒலி அடிக்குப் பொருந்தியது, மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

வயல்வரப்பு:

எங்கள் ஊரில் ஆங்கிலம் குறைவு, அடி நிறைய. தமிழில் அடிக்கிற சொல் எல்லாம் பெரும்பாலும் ஏதோ ஒரு வேலையிலிருந்து வந்ததுதான். 'வெளுத்துட்டான்', 'துவைச்சு எடுத்துட்டான்' வண்ணான் துறையிலிருந்து வந்தது, துணியைக் கல்லில் அடிப்பது. 'தோலை உரிச்சிடுவேன்'. 'பின்னி எடுத்துட்டான்'. 'நையப் புடை' என்று பாரதியார் புதிய ஆத்திசூடியில் சொன்னாரே, அந்தப் புடைதான் முறத்தில் அரிசி புடைப்பதும். என் அம்மா முறத்தைத் தட்டும் சத்தம் கேட்டால் எங்களுக்கு முதுகு தானாக நிமிரும்.

ஆங்கிலத்தில் இப்படி இருக்கிறதா ஐயா? வயலிலிருந்து வந்த அடி?

பழையதாள்:

இருக்கிறது, நீங்கள் கேட்டது எனக்கு மகிழ்ச்சி. 'த்ராஷ்' என்று சொல்லி அடிக்கிறார்களே, அது கதிரடிக்கிற 'த்ரெஷ்' தான். ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்பு. ஒன்று களத்தில் தங்கியது, இன்னொன்று மனிதன் முதுகுக்குப் போனது. அதற்கும் பழைய பொருள் காலால் மிதிப்பது என்று கருதுகிறார்கள். நாம் மாடு கட்டிப் போரடித்த மாதிரி.

தோல் பதனிடும் 'டேன்' என்பதையும் அடிக்குச் சொல்வார்கள், உங்கள் தோல் உரிப்புக்குப் பக்கத்து வீடு. விளையாட்டுச் செய்தியில் 'ட்ரப்பிங்' என்று ஒன்று வரும், படுதோல்வி. அது பெரும்பாலும் அரபுச் சொல்லிலிருந்து, 17ஆம் நூற்றாண்டில் கிழக்கே பயணம் போனவர்கள் கொண்டுவந்தது. பாதத்தில் பிரம்பால் அடிக்கும் தண்டனையை அங்கே பார்த்து எழுதினார்கள்.

நான்காவதுஸ்லிப்:

குருவி அக்கா, விளாசலை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். பானையோடு அது ஒட்டவில்லை. 'மொத்து' எப்படி? பளார் என்றால் கன்னத்தில், குட்டு என்றால் தலையில், குத்து என்றால் மடக்கிய கை. மொத்துதான் கனமாக, அகலமாக, முதுகில் விழும். துடைப்பத்துக்கு அது பொருந்தும்.

கடலோரக்குருவி:

மொத்து எனக்குப் பிடித்திருக்கிறது. ஐயா சொன்ன மாதிரி வாயில் சொன்னாலே கனம் தெரிகிறது. அடிக்கு மட்டும் கேட்டிருந்தால் இதோடு முடித்திருப்பேன். ஆனால் பானையை விட மனமில்லை. வயல்வரப்பு சொன்னதுதான் வழி காட்டுகிறது என்று நினைக்கிறேன். வண்ணான் துறையிலிருந்து, வயலிலிருந்து அடி வந்தால், அடுப்பங்கரையிலிருந்தும் வந்திருக்க வேண்டுமே?

வயல்வரப்பு:

வந்திருக்கிறதே. 'தாளிச்சு எடுத்துட்டாங்க' என்று சொல்வதில்லையா? வாயாலும் தாளிப்பார்கள், கையாலும் தாளிப்பார்கள். 'வறுத்து எடுத்தாங்க' என்றும் உண்டு, ஆனால் அது பெரும்பாலும் வாய் வேலைதான்.

கடலோரக்குருவி:

இதுதான்! இவ்வளவு நேரம் கண் முன்னால் இருந்திருக்கிறது.

லண்டன்மழை:

எங்கள் பக்கம் தாளிப்பதை அடிக்குச் சொல்வது குறைவு. இருந்தாலும் பானைக்குப் பக்கத்தில் வைத்தால் எந்த ஊர்ப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு சந்தேகம், சூப்பை எப்படித் தாளிப்பது தங்கச்சி?

கடலோரக்குருவி:

அதையும் யோசித்தேன் அண்ணா. சூப்பை ரசமாக்க மாட்டேன். கதை இங்கிலாந்தில் நடக்கிறது, பாட்டியின் அடுப்பில் கடுகு வெடித்தால் குழந்தைகளுக்கு ஊர் குழம்பிவிடும். அவள் கொழுப்பில் வெங்காயம் வதக்கி சூப்பில் கொட்டுவதாக மூலத்திலேயே ஒரு வரி இருக்கிறது. அந்த வரியைப் பானை கொதிக்கும் வரியோடு சேர்த்துக்கொள்கிறேன். இப்போது எழுதியிருப்பது இது:

'அடுப்பில் சூப்பு தளதளவென்று குதித்தது. பாட்டி கொழுப்பில் வெங்காயத்தைத் தாளித்து அதன் தலையில் கொட்டினாள். கோழிக்கூட்டுப் பக்கம் சத்தம் கேட்டது. கரண்டியை வைத்தாள், துடைப்பத்தை எடுத்தாள். நரியையும் தாளித்தாள்.'

'குதித்தது' என்பதை வேண்டுமென்றே போட்டேன், ஐயா சொன்ன குதிரைக்காக.

பழையதாள்:

'நரியையும்' என்ற அந்த 'உம்' போதும். வேறு எதையும் தொடாதீர்கள்.

கடலோரக்குருவி:

சற்றுமுன் அக்கா மகனுக்கு வாசித்தேன். நரியிடம் வந்ததும் சிரித்தான். அப்புறம் துடைப்பத்தைத் தேடிப் போய்விட்டான், பிடுங்கி வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். எல்லோருக்கும் நன்றி.